ஒன்பது பொத்தான்களும் ஏன் ஒரே மாவட்டத்தைக் காட்டுகின்றன? மடக்கு மாறியின் வரையெல்லை பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி: ரோஸ் ஹில்லில் எச்.எஸ்.சி. வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருப்பது இது. “மொரீஷியசின் ஒன்பது மாவட்டங்களுக்கும் ஆளுக்கொரு பொத்தான் வைத்து, அழுத்தினால் அந்த மாவட்டத்தின் மழையளவு தெரியும்படி பைத்தானில், திரையில் பொத்தான்கள் அமைக்க உதவும் டிகின்டர் தொகுப்பைக் கொண்டு ஒரு சிறு நிரல் எழுதினேன். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பட்டியலில் கடைசியாக உள்ள பிளாக் ரிவர் மட்டுமே வருகிறது. அதையே ஜாவாஸ்கிரிப்டில் எழுதிப் பார்த்தேன். அங்கே பிளாக் ரிவர்கூட வரவில்லை, ‘அன்டிஃபைன்ட்’ (மதிப்பு இல்லை) என்று வருகிறது. ரெதுயி பல்கலைக்கழகத்தில் சி மொழி படிக்கும் என் அண்ணன், மடக்கு முடிந்ததுமே அதன் மாறி அழிந்துவிடும் என்கிறார். அழிந்துபோன மாறியைப் பொத்தான்கள் எப்படிப் படிக்கின்றன?”

பதில்:

உங்கள் அண்ணன் சொல்வது சி மொழியில், அதுவும் மாறியை மடக்கின் தலைப்பிலேயே அறிவித்திருந்தால், சரி. பைத்தானுக்கு அது பொருந்தாது. ஆனால் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் உங்கள் பொத்தான்களின் கோளாறு அதனால் தீராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓடச் செய்யும், லூப் என்று நாம் பேச்சில் சொல்லும் மடக்கின் மாறியைப் பற்றிப் பேசும்போது இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். அந்தப் பெயர் நிரலின் எந்த வரி வரையில் செல்லுபடியாகும் என்பது முதற்கேள்வி. மடக்கு ஒன்பது முறை சுற்றும்போது அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மாறி ஒன்றா, ஒன்பதா என்பது இரண்டாவது. பாடநூல்கள் வரையெல்லை என்ற தலைப்பில் முதற்கேள்விக்கு மட்டும் விடை சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பதோ இரண்டாவதில்.

விளக்கத்திற்குள் போகுமுன் ஒரு வசதி: பைத்தான் 3, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய இரண்டிலும் மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம். எனவே கீழே வரும் மாறிப் பெயர்களை அப்படியே உங்கள் நிரலில் தட்டச்சிடலாம். கட்டளைச் சொற்களை மட்டும் ஒலிப்பைக் கொண்டு அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

பெயர் எதுவரை செல்லும் என்பதற்கு மொழிகள் தந்த விடைகள் பலவிதம். 1960-இல் வெளிவந்த அல்கால் 60 மொழியின் அறிக்கை, மடக்கு தன் பட்டியலைத் தீர்த்துவிட்டு இயல்பாக முடிந்தால் அதன் மாறியில் இருக்கும் மதிப்பு வரையறுக்கப்படாதது என்று சொல்லிவிட்டது. பாஸ்கலும் அதே வழியில் சென்றது: மாறியை மடக்குக்கு வெளியே அறிவிக்க வேண்டும், ஆனால் மடக்கு முடிந்தபின் அதில் இருப்பதை நம்பக்கூடாது. பெயர் இருக்கிறது, மதிப்பு இல்லை என்ற இந்த இரண்டுங்கெட்டான் நிலையை அடா மொழி ஒழுங்குபடுத்தியது. அங்கே மடக்கு மாறியை நாம் அறிவிக்கவே வேண்டியதில்லை. மடக்கே அதைப் பிறப்பிக்கிறது, மடக்கோடு அது மறைகிறது, இடையில் அதன் மதிப்பை மாற்ற நிரலாளருக்கு உரிமையும் கிடையாது. என் பார்வையில் பழைய மொழிகளில் இதை மிகத் தெளிவாகச் சிந்தித்தது அடாதான்.

சி மொழியின் முதல் தரப்பாட்டில் மாறிகளையெல்லாம் தொகுதியின் (ஒரே அடைப்புக்குறிக்குள் அடங்கும் வரிகளின்) தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டியிருந்தது. அதனால் மடக்கு மாறி மடக்குக்கு வெளியே பிறந்து, மடக்கு முடிந்த பின்னும் வாழ்ந்தது. மடக்கின் தலைப்புக்குள்ளேயே அறிவிக்கலாம் என்ற வசதி 1999-ஆம் ஆண்டுத் தரப்பாட்டில்தான் வந்தது. உங்கள் அண்ணன் படித்திருப்பது இந்தப் பிந்தைய வடிவம். அவரிடமே, மாறியை ஒரு வரி மேலே, மடக்குக்கு வெளியே அறிவித்துவிட்டு, 0-இலிருந்து தொடங்கி 9-க்குக் குறைவாக இருக்கும்வரை சுற்றச் சொல்லி, முடிவில் அதை அச்சிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 9 என்று வரும். 8 என்று வராது. இது பின்னால் நமக்குத் தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

சி++ இதில் ஒரு விசித்திரமான காலகட்டத்தைக் கடந்து வந்தது. அதன் தொடக்க காலத்தில் மடக்கின் தலைப்பில் அறிவித்த மாறி, மடக்கைத் தாண்டி அதைச் சூழ்ந்திருந்த தொகுதியின் இறுதிவரை கசிந்து வாழ்ந்தது. 1998-ஆம் ஆண்டுத் தரப்பாடு அதை மடக்குக்குள் அடைத்தது. ஆனால் அதே ஆண்டில் வெளிவந்த, பல ஆண்டுகள் பரவலாகப் புழங்கிய விஷுவல் சி++ 6 என்ற தொகுப்பி (கம்பைலர்), இயல்புநிலையில் பழைய விதியையே பின்பற்றியது. ஒரே செயற்கூறில் (ஃபங்ஷனில்) அடுத்தடுத்து இரண்டு மடக்குகளில் ஒரே பெயரை அறிவித்தால் புதிய தொகுப்பிகள் ஏற்றுக்கொள்ளும், அது மறுக்கும். அறிவிக்காமல் விட்டால் அது ஏற்கும், மற்றவை மறுக்கும். இதிலிருந்து தப்பிக்க, ‘ஃபார்’ என்ற சொல்லையே ஒரு மேக்ரோவாக (தொகுக்குமுன் வேறு சொற்களாக விரியும் சுருக்கமாக) மாற்றி, ஒருபோதும் நிறைவேறாத ஒரு ‘இஃப்’ கட்டளையின் ‘எல்ஸ்’ பகுதிக்குள் ஒவ்வொரு மடக்கையும் ஒளித்துவைத்தார்கள். அந்த ‘இஃப்’ ஒரு புதிய தொகுதியை உண்டாக்குவதால் மாறி அதற்குள் அடங்கிவிடும். அருவருப்பான தந்திரம்தான், ஆனால் வரையெல்லை என்பது தொகுப்பியின் விதிப்புத்தகத்தில் உள்ள ஒரு வரி மட்டுமே என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

பைத்தானுக்கு வருவோம். அங்கே ‘ஃபார்’, ‘வைல்’, ‘இஃப்’ ஆகிய எதுவும் புதிய வரையெல்லையை உண்டாக்குவதில்லை. செயற்கூறு, கிளாஸ், தொகுப்புக் கோப்பு (மாட்யூல்) ஆகியவைதான் எல்லை வகுக்கின்றன. ஆகவே ‘ஃபார் மாவட்டம் இன் மாவட்டங்கள்’ என்று நீங்கள் எழுதும்போது பிறக்கும் ‘மாவட்டம்’ என்ற மாறி, நீங்கள் சாதாரணமாக மதிப்பிருத்தி உண்டாக்கும் எந்த மாறிக்கும் வேறுபட்டதன்று. மடக்கு முடிந்த பிறகு கடைசிச் சுற்றின் மதிப்போடு அது அப்படியே இருக்கும். சிலர் இதைப் பயன்படுத்தியும் எழுதுகிறார்கள்: பட்டியலில் ஒன்றைத் தேடி, கண்டதும் ‘பிரேக்’ கொடுத்து வெளியேறி, மாறியில் இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். பட்டியல் காலியாக இருக்கும் நாள் வரையில் இது நன்றாகவே ஓடும். காலிப் பட்டியலில் மடக்கு ஒரு சுற்றும் சுற்றாது; சுற்றாததால் மாறி பிறக்கவே பிறக்காது; அடுத்த வரியில் அதைத் தொட்டால் ‘நேம் எர்ரர்’ வரும். செயற்கூறுக்குள் என்றால் ‘அன்பவுண்ட் லோக்கல் எர்ரர்’ வரும். தேடல் முடிவை மடக்குக்கு மேலேயே ‘நன்’ என்ற மதிப்போடு உண்டாக்கிய தனி மாறி ஒன்றில் வைப்பதே நேர்மையான வழி.

பைத்தான் 2-இல் இந்தக் கசிவு இன்னும் ஒரு படி மோசமாக இருந்தது. சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே வரியில் பட்டியல் உண்டாக்கும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனின் மாறியும் வெளியே வழிந்து, அதே பெயரில் மேலே நீங்கள் வைத்திருந்த மாறியைச் சத்தமில்லாமல் அழித்து எழுதிவிடும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 இதைத் திருத்தி, அந்த மாறியைச் சதுர அடைப்புக்குறிக்குள்ளேயே அடைத்தது. சாதாரண ‘ஃபார்’ மடக்கை மட்டும் பழையபடியே விட்டுவைத்தார்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் ‘வார்’ கொண்டு அறிவித்த மாறி, அதை எந்த அடைப்புக்குறிக்குள் எழுதினாலும், சூழ்ந்திருக்கும் செயற்கூறு முழுவதற்கும் உரியது. மடக்குக்கு முந்தைய வரியில்கூட அந்தப் பெயர் செல்லும், மதிப்புத்தான் இருக்காது. இதன் விளைவாக ஒன்றினுள் ஒன்றாக இரண்டு மடக்குகள் எழுதி இரண்டிலும் ‘வார் எ = 0’ என்று போட்டால், இரண்டும் ஒரே மாறியைப் பங்கிட்டுக்கொள்ளும்; உள் மடக்கு முடியும்போது வெளி மடக்கின் எண்ணிக்கையும் கெட்டுப்போயிருக்கும். வெளி மடக்கு ஒரே சுற்றில் நின்றுவிடலாம், அல்லது ஓயாமல் சுற்றலாம். பைத்தானில் இதே தவறைச் செய்தால் வெளி மடக்கு தன் சுற்றுகளைச் சரியாகவே முடிக்கும், ஏனெனில் அடுத்த மதிப்பை அது மாறியிலிருந்து எடுப்பதில்லை. பட்டியலின் மேல் நகரும் இட்டரேட்டரிடமிருந்து பெறுகிறது. உள் மடக்குக்குப் பிறகு அந்தச் சுற்றில் மீதமுள்ள வரிகள் மட்டும் தவறான மதிப்பைப் படிக்கும். இது மெதுவான நஞ்சு. எளிதில் கண்ணில் படாது.

பெயரைப் பற்றி இவ்வளவு போதும். இனி உங்கள் பொத்தான்கள்.

ஒரு செயற்கூறை இப்போது எழுதிவைத்துப் பிறகு ஓடச் சொல்லும்போது, அதற்குள் நீங்கள் குறிப்பிடும் வெளி மாறியின் மதிப்பு அந்தக் கணத்தில் நகலெடுக்கப்படுவதில்லை. செயற்கூறு அந்த மாறியையே பிடித்துக்கொள்கிறது. ஓடும் நேரத்தில்தான் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. இப்படி வெளி மாறியைப் பிடித்துக்கொண்டிருக்கும் செயற்கூறுக்குக் குளோஷர் என்று பெயர். போர்ட் லூயி சந்தையில் மீன்காரர் ஒருவர் விலையை ஒரே பலகையில் அழித்து அழித்து எழுதிக்கொண்டே, வந்த ஒன்பது பேரிடமும் ‘விலை பலகையில் இருக்கிறது, வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பினால், மாலையில் திரும்பி வரும் ஒன்பது பேரும் காண்பது கடைசியாக எழுதிய விலையைத்தான். அவர்கள் காலையில் கேட்டபோது என்ன விலை இருந்தது என்பது எங்கும் பதிவாகவில்லை.

உங்கள் டிகின்டர் நிரலில் நடப்பது இதுவே. போர்ட் லூயி, பாம்ப்ளெமூஸ், ரிவியேர் டு ராம்பார், ஃப்ளாக், கிராண்ட் போர், சவான், பிளேன் வில்லெம்ஸ், மோக்கா, பிளாக் ரிவர் என்று மடக்கு ஒவ்வொன்றாக நகரும்போது, ஒன்பது பொத்தான்களுக்கும் ‘லாம்டா: காட்டு(மாவட்டம்)’ என்ற ஒன்பது பெயரற்ற செயற்கூறுகள் கொடுக்கப்படுகின்றன. செயற்கூறுகள் ஒன்பது, மாறி ஒன்று. யாராவது பொத்தானை அழுத்துவதற்குள் மடக்கு எப்போதோ முடிந்து, மாறியில் பிளாக் ரிவர் நிலைத்துவிட்டது.

அப்படியானால் ஜாவாஸ்கிரிப்டில் ஏன் பிளாக் ரிவர் வரவில்லை? நோய் ஒன்றுதான், மடக்கின் வடிவம் மட்டும் வேறு. நீங்கள் அங்கே ‘வார் எ = 0; எ < 9; எ++’ என்று எண்ணிக்கை மடக்கு எழுதி, செயற்கூறுக்குள் ‘மாவட்டங்கள்[எ]’ என்று படித்திருக்க வேண்டும். கடைசிச் சுற்றில் ‘எ’ 8 ஆக இருந்தது உண்மை. ஆனால் மடக்கு நிற்க வேண்டுமானால் நிபந்தனை பொய்யாக வேண்டும். பொய்யாவதற்கு ‘எ’ 9 ஆக வேண்டும். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன 9 இதுதான். பட்டியலின் இடங்கள் 0 முதல் 8 வரை. 9 என்ற எண்ணுள்ள இடத்தில் ஒன்றும் இல்லை, எனவே ‘அன்டிஃபைன்ட்’. பைத்தானின் மடக்கோ பட்டியலில் இருப்பதை மட்டுமே மாறிக்குள் வைக்கும். தீர்ந்துவிட்டால் எதையும் வைக்காமல் நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ‘வார்’ கொண்டே ‘ஃபார்–ஆஃப்’ வடிவத்தில் எழுதியிருந்தால் அங்கும் பிளாக் ரிவர்தான் வந்திருக்கும்.

இப்போது உங்கள் அண்ணனின் வாதத்தைச் சோதிப்போம். மாறி மடக்குக்குள்ளேயே அடங்கியிருந்தால் இந்தக் கோளாறு வராது என்று நினைப்பது இயல்பு. பைத்தான் 3-இல் ‘[லாம்டா: ம ஃபார் ம இன் மாவட்டங்கள்]’ என்று ஒரே வரியில் ஒன்பது செயற்கூறுகளை உண்டாக்கிப் பாருங்கள். ‘ம’ வெளியே கசியவில்லை. வெளியிலிருந்து அதைத் தொட்டால் பிழை வரும். அதாவது, முதற்கேள்விக்கு மிகக் கறாரான விடை கிடைத்துவிட்டது. இருந்தும் ஒன்பது செயற்கூறுகளையும் ஒவ்வொன்றாக அழைத்தால் ஒன்பது முறையும் பிளாக் ரிவர் என்றே சொல்லும். எல்லை குறுகியது, மாறி பெருகவில்லை. மாறி அழிந்துவிட்டால் எப்படிப் படிக்கிறது என்று நீங்கள் கேட்டதற்கும் விடை இங்கேயே இருக்கிறது: பெயருக்கு எல்லை முடிந்துவிட்டாலும், ஏதாவதொரு குளோஷர் பிடித்துக்கொண்டிருக்கும்வரை மாறிக்கு நினைவகத்தில் உயிர் உண்டு. பெயரின் எல்லையும் மாறியின் ஆயுளும் வேறு வேறு.

ஜாவாஸ்கிரிப்ட் இதை 2015-ஆம் ஆண்டுத் தரப்பாட்டில் ‘லெட்’ மூலம் தீர்த்தது. ‘வார்’ இருக்கும் இடத்தில் ‘லெட்’ என்று மாற்றினால் உங்கள் ஒன்பது பொத்தான்களும் உடனே சரியாகும். தொகுதிக்குள் அடங்குவதுதான் ‘லெட்’டின் சிறப்பு என்று பல இடங்களில் விளக்குகிறார்கள், அது பாதி விளக்கம். தரப்பாடு ‘ஃபார்’ மடக்குக்கென்றே தனியாக ஒரு விதி வைத்திருக்கிறது: ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் புதிய மாறி ஒன்று உண்டாக்கப்பட்டு, முந்தைய சுற்றின் மதிப்பு அதில் நகலெடுக்கப்பட்டு, அதன் பிறகே ‘எ++’ அந்தப் புதிய மாறியின் மேல் நடக்கும். முதற்சுற்றின் குளோஷர் பிடித்திருக்கும் பழைய மாறியை அடுத்த சுற்று தொடுவதில்லை. ‘லெட்’ அறிவிப்பை மடக்குக்கு ஒரு வரி மேலே எடுத்துவைத்துவிட்டால் இந்த விதி பொருந்தாது. மறுபடியும் ஒரே மாறி, ஒன்பது ‘அன்டிஃபைன்ட்’. ‘ஃபார்–ஆஃப்’ வடிவத்தில் ‘கான்ஸ்ட்’ என்றே எழுதலாம், ஏனெனில் ஒவ்வொரு சுற்றின் மாறியும் ஒரே முறைதான் மதிப்புப் பெறுகிறது. எண்ணிக்கை மடக்கில் ‘கான்ஸ்ட்’ போட்டால் முதல் ‘எ++’ வரும்போதே பிழை எழும்.

சி ஷார்ப் மொழியின் வரலாறு இதைவிடச் சொல்லத்தக்கது, ஏனெனில் அங்கே மாறி தொடக்கத்திலிருந்தே மடக்குக்குள் அடங்கியதுதான். கோளாறு மட்டும் இருந்தது. குறை கூறிக் குறை கூறி, 2012-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ‘ஃபார்ஈச்’ மடக்கின் மாறி சுற்றுக்கு ஒன்றாக மாற்றப்பட்டது. பழைய நிரல்களின் போக்கையே மாற்றக்கூடிய திருத்தம் என்பதால் அந்தக் குழு எளிதில் செய்யாத காரியம் இது. எண்ணிக்கை மடக்கை அவர்கள் தொடவில்லை. அங்கே இன்றும் மாறி ஒன்றே. எச்.எஸ்.சி. செய்முறைக்கு விஷுவல் பேசிக் எடுத்த உங்கள் வகுப்புத் தோழர்களுக்கு: அந்த மொழியின் ‘ஃபார் ஈச்’ மடக்கும் அதே 2012-இல் அதேபோல் மாற்றப்பட்டது.

இந்தக் கோளாறு மாணவர்களின் பொத்தான்களோடு நிற்பதில்லை. இணையதளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் மென்பொருள் கோ மொழியில் எழுதப்பட்டது. ஒரு தளப்பெயருக்குச் சான்றிதழ் வழங்குமுன், அந்தப் பெயரின் உரிமையாளர் யார் யாருக்குச் சான்றிதழ் வழங்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறார் என்று பெயர்ப்பதிவில் சரிபார்க்க வேண்டும். ஒரே சான்றிதழில் பல பெயர்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். மறுசரிபார்ப்பு தேவைப்பட்ட வேளைகளில் அந்த மென்பொருள், பத்துப் பெயர்கள் இருந்தால் பத்தையும் பார்ப்பதற்குப் பதிலாக ஒரே பெயரைப் பத்து முறை பார்த்துக்கொண்டிருந்தது என்பது 2020 பிப்ரவரி 29 அன்று தெரியவந்தது. உங்கள் ஒன்பது பிளாக் ரிவர்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காரணம், ஒரு மடக்குக்குள் மாறியின் நினைவக முகவரியை எடுத்துச் சேமித்ததுதான். அந்த மடக்கில் இரண்டு மாறிகள் இருந்தன. ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் மேலெழுதப்படும் என்பதை அறிந்து, அதை நகலெடுத்துக்கொள்கிறோம் என்று குறிப்பும் எழுதியிருந்தார்கள். பக்கத்திலேயே இருந்த இரண்டாவது மாறியின் முகவரி நகலில்லாமல் போய்விட்டது. விதி தெரிந்தவர்கள், விதியைக் குறிப்பாகவே எழுதிவைத்தவர்கள் விட்ட இடம் அது. பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30,48,289. அவற்றில் 17 லட்சத்திற்கும் மேற்பட்டவை சில நாட்களுக்குள் மாற்றப்பட்டு ரத்துச் செய்யப்பட்டன.

கோ மொழியில் இதற்கு நெடுங்காலம் வழங்கிய மருந்து, மடக்கின் முதல் வரியில் மாறியை அதே பெயருள்ள புதிய மாறிக்குள் வைப்பது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே பெயர் இருக்கும். புதிதாகப் படிப்பவர் தேவையற்ற வரி என்று அழித்துவிடுவார், கோளாறு திரும்பி வரும். கடைசியில் 2024 பிப்ரவரியில் வந்த 1.22-ஆம் பதிப்பில் மொழியையே மாற்றினார்கள். எண்ணிக்கை மடக்கு உட்பட எல்லா ‘ஃபார்’ மடக்குகளிலும், தலைப்பில் அறிவிக்கும் மாறி இப்போது சுற்றுக்கு ஒன்று. பழைய நிரல்கள் கெடாதிருக்க, ஒவ்வொரு மாட்யூலின் ‘கோ.மாட்’ கோப்பில் 1.22 அல்லது அதற்கு மேல் என்று குறித்திருந்தால் மட்டுமே புதிய விதி நடைமுறைக்கு வரும். ஆகவே எபேனில் ஏதேனும் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து பழைய கோ நிரல் ஒன்றைத் திறந்தால், மடக்கைப் படிக்குமுன் அந்தக் கோப்பின் பதிப்பு வரியைப் படியுங்கள். ஒரே நிரல் அந்த எண்ணைப் பொறுத்து இரண்டு விதமாக ஓடும். போகிற போக்கில் ஒன்று: ‘மாவட்டம்’ என்று கோ மொழியில் மாறிக்குப் பெயர் வைக்க முடியாது. அம்மொழி பெயர்களில் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே ஏற்கிறது. யூனிகோடில் துணைக்காலும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் சேர்க்கப்படவில்லை. ‘மரம்’ என்றுகூட எழுத முடியாத ஒரு மொழி, தமிழருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் தருவதுதான்.

ஜாவா வேறொரு வழியைப் பிடித்தது. 2014-இல் எட்டாம் பதிப்பில் லாம்டா வந்தபோது, ஒருமுறை மதிப்பு பெற்றபின் மாறாத மாறிகளை மட்டுமே லாம்டா பிடிக்கலாம் என்று சட்டம் போட்டார்கள். எண்ணிக்கை மடக்கின் மாறி ஒவ்வொரு சுற்றிலும் மாறுவதால் அதைப் பிடிக்க முயன்றால் தொகுப்பியே மறுத்துவிடும். பட்டியலின் மேல் நகரும் மடக்கின் மாறி சுற்றுக்கு ஒன்று என்பதால் அதைப் பிடிக்கலாம். எழுதும்போது எரிச்சலூட்டும் கட்டுப்பாடு இது. ஆயினும் ஓடும்போது தவறான விடை தருவதைவிடத் தொகுக்கும்போது மறுப்பதே மேல் என்று நான் நினைக்கிறேன்.

பிஹெச்பி எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிக்குறிப்பு, ஏனெனில் அங்கே குளோஷர் இல்லாமலேயே இதே பொறி காத்திருக்கிறது. ‘ஃபார்ஈச்’ மடக்கில் ஆம்பர்சண்ட் குறியிட்டு மாறியைச் சுட்டியாக (ரெஃபரன்ஸாக) எடுத்தால், மடக்கு முடிந்த பின்னும் அந்த மாறி பட்டியலின் கடைசி உறுப்பையே சுட்டிக்கொண்டிருக்கும். அதே பெயரில், குறியில்லாமல், அதே பட்டியலின் மேல் இரண்டாவது மடக்கை எழுதினால் ஒவ்வொரு சுற்றும் கடைசி உறுப்பின் மேல் எழுதும்; பாம்ப்ளெமூஸ், ஃப்ளாக், மோக்கா என்ற பட்டியல் பாம்ப்ளெமூஸ், ஃப்ளாக், ஃப்ளாக் என்று முடியும். முதல் மடக்கு முடிந்தவுடன் ‘அன்செட்’ கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் பைத்தான் நிரலைத் திருத்துவோம். புதிய மாறி வேண்டுமென்றால் பைத்தானில் அதற்கு ஒரே இடம் புதிய செயற்கூறு அழைப்புத்தான். ஒவ்வொரு அழைப்புக்கும் அதன் உள்மாறிகள் புதிதாகப் பிறக்கின்றன. ஆகவே ‘பொத்தான்_உண்டாக்கு(மாவட்டம்)’ என்று ஒரு செயற்கூறு எழுதி, பொத்தானையும் லாம்டாவையும் அதற்குள் வைத்து, மடக்குக்குள் அதை அழைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன். படிப்பவருக்கு எதையும் விளக்க வேண்டியிராது.

பலரும் கையாளும் குறுக்குவழி, ‘லாம்டா ம=மாவட்டம்: காட்டு(ம)’ என்று இயல்பு மதிப்பு வைப்பது. இயல்பு மதிப்புகள் செயற்கூறு உண்டாகும் கணத்திலேயே கணக்கிடப்பட்டு அதனோடு சேமிக்கப்படுவதால் இது வேலை செய்கிறது. பொத்தானின் ‘கமாண்ட்’ மூலம் இணைத்தால் எந்த மதிப்பும் அனுப்பப்படாது, எனவே ‘ம’ தன் இயல்பு மதிப்போடு இருக்கும். ஆனால் அதே லாம்டாவை ‘பைண்ட்’ மூலம் மவுஸ் சொடுக்குக்கு இணைத்தால், டிகின்டர் முதல் இடத்தில் நிகழ்வுப் பொருளை (அந்தச் சொடுக்கின் விவரங்களை) அனுப்பிவிடும். அது ‘ம’ மேல் வந்து உட்கார்ந்துகொள்ள, மாவட்டத்தின் பெயருக்குப் பதிலாகப் புரியாத ஏதோ ஒன்று திரையில் தெரியும். அங்கே ‘லாம்டா நிகழ்வு, ம=மாவட்டம்: காட்டு(ம)’ என்று நிகழ்வுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். ‘ஃபங்க்டூல்ஸ்’ தொகுப்பில் உள்ள ‘பார்ஷியல்’ கொண்டு ‘பார்ஷியல்(காட்டு, மாவட்டம்)’ என்று எழுதுவது மூன்றாவது வழி. அதையும் ‘பைண்ட்’டோடு இணைத்தால் நிகழ்வுப் பொருள் இரண்டாவது மதிப்பாக வந்து சேரும் என்பதால் ‘காட்டு’ செயற்கூறு அதை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் ‘வார்’ என்பதை ‘லெட்’ ஆக்கினால் போதும். பழைய நிரல்களில், மடக்குக்குள் ஒரு செயற்கூறை எழுதி அங்கேயே உடனே அழைத்து, அதற்கு ‘எ’யை அனுப்பியிருப்பதைக் காண்பீர்கள், ‘லெட்’ வருமுன் சுற்றுக்கு ஒரு புதிய மாறி பெற அதுதான் எளிய வழி, மேலே பைத்தானுக்குச் சொன்ன அதே முறை. திருத்திய பிறகு ஒன்பது பொத்தான்களையும் அழுத்திப் பார்க்கும்போது முதலிலிருந்து தொடங்குங்கள். கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தினால், பைத்தானில் திருத்தாத நிரலும் சரியாகவே பிளாக் ரிவரைக் காட்டும்.